ஸ்கிரீன் இல்லாத கேமரா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலை. உள்ளே போகிறவர்களின் போன் கேமராவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வாசல் செக்யூரிட்டியின் வேலை. தொளதொளத்த நீலச் சட்டை. விரல் நுனியில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர்.

எதிர்ச்சாலையில் நின்று என் பழைய ஃபிலிம் கேமராவில் அந்த வாசலை எடுத்தேன். சூப்பர்வைசர் ஓடிவந்து, “படத்த அழிங்க” என்றார்.

பின்னாலேயே வந்த செக்யூரிட்டி கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஸ்கிரீனே இல்ல சார். சும்மா ஷோவுக்கு மாட்டிக்கினு திரியறாரு. இன்னாத்த அழிக்கறது?”

விவரம் தெரியாத மனிதர் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தப்பித்து வந்தேன்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், வாசலில் அவர் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, லென்ஸையே பார்த்தபடி விறைப்பாக நிற்கிறார்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் வேலை போய்விடும். என் மேசைக்குள்தான் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் சிரித்ததை நினைத்துக் கூசுகிறது.