பித்தான்கள் மட்டும்

மண்புழுத் தொட்டியின் மூடியைத் திறந்ததும் முதல் மழை வாசனை எழுந்தது. பால்கனியில் நின்றிருந்த நான் நினைவில், சிறுவயதில் குடியிருந்த கல்பாக்கம் குவார்ட்டர்ஸின் கொல்லைக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளில் அங்கே ஓர் உடைந்த சிமென்ட் தொட்டியில் அப்பா புழு வளர்த்தார். கடற்காற்றில் அவை காய்ந்துவிடாமலிருக்க, தன் பழைய பருத்திச் சட்டையை நனைத்துப் போர்த்தியிருந்தார். பாத்திரக்காரிக்காக அம்மா எடுத்துவைத்த சட்டை அது.

கோடை முடிந்து பாத்திரக்காரி வந்தாள். பழைய துணிகளுக்கு ஓர் எவர்சில்வர் சம்படம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

“இன்னாம்மா, சட்ட கீதுன்னியே, எங்க?”

அப்பா சங்கடத்துடன் கொல்லையைக் காட்டினார். எல்லோரும் ஓடினோம். துணியே இல்லை. கறுத்த மண்மேல் பாலியெஸ்டர் தையல் நூல் மட்டும் கையும் காலருமாகச் சட்டை வடிவில் கிடந்தது. நடுவே வரிசையாகப் பித்தான்கள்.

“பல்லே இல்லாத பூச்சிங்க, ஒரு சட்டையவே துன்னுட்டு கீதுங்களே!” என்று பாத்திரக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். சம்படத்தைத் தரவில்லை, நெடுநேரம் எழுந்து போகவுமில்லை.

அந்த உரத்தில் காய்த்த வெண்டைக்காயைப் பரிமாறும்போது அம்மா, “உங்க சட்டைதான், சாப்பிடுங்க” என்றாள். அப்பா ஒரு வெண்டைத் துண்டை எடுத்துப் பிரசாதம்போல் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

இன்று என் பழைய சட்டையை நனைத்துத் தொட்டியில் போர்த்துகிறேன். மகள் பார்க்கட்டும் என்று பித்தான்களை வெட்டவில்லை.