கச்சானுக்குக் குடை எதற்கு

பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, ரெண்டு பக்கமும் தண்ணி ஏறுதும்மா. பெரியப்பா திரும்பிப் போயிட்டாக." அவ்வளவுதான் கேட்டது. பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊரில், மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாயைச் சாக்கால் மூடிக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனிக் கடைசி. எங்களுக்கு அது கச்சான் வீசும் காலம். மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்றில் கண் நிறையப் புழுதி விழும். ஒரு சொட்டு மழை விழாது. தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது.

மகள் நர்ஸ் படிப்பை முடித்து, வால்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர அன்றுதான் போயிருந்தாள். என் கணவர் வெளிநாட்டில் இருப்பதால் அவருடைய அண்ணன் துணைக்குப் போனார். எங்கள் ஊரில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டுக் காத்திருப்போம். விதைக்கும் நாளைச் சொல்பவர் அவர்தான். ஒரு பிடி மண்ணை உயரே தூக்கி உதிர்த்து, அது சாயும் பக்கத்தைப் பார்ப்பார். பெரும்பாலும் தப்பாது. அந்தப் பெருமையில், கிளம்பும்போது மகளின் பையைத் திறந்து குடையையும் மழைக்கோட்டையும் வெளியே எடுத்து வைத்தார்.

"கச்சானுக்குக் கொடை எதுக்குத்தா? அந்த எடத்துல ரெண்டு கிலோ கருவாடு கொள்ளும்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். எட்டாம் வகுப்புக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை அம்புக்குறி போட்டு நடத்துகிறவள் நான். மேற்கு மலையில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சமாக நம்மிடம் வருவதுதான் கச்சான் என்று வருடா வருடம் பிள்ளைகளை எழுத வைக்கிறேன். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நடந்ததை மகள் பிறகு சொன்னாள். எஸ்டேட் பாதையில் பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி ஜீப் வரும், அதுவரை உட்காருங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அப்போது மழை சற்று விட்டிருந்தது. இவர் வெளியே போய்க் கன்னத்தில் காற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, இது நம்ம கச்சான்தான், இனி மழை கிடையாது, நட என்று கிளப்பிவிட்டார். தேயிலைக்குள் குறுக்குப் பாதை. முதல் ஓடையைத் தாண்டியதும் தூரத்தில் ஒரு கூரையைக் காட்டி, அதுதான் ஆஸ்பத்திரி, போய்விடு என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கும் பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பிவிட்டார். அந்தக் கூரைக்கும் மகளுக்கும் நடுவே இன்னொரு ஓடை இருந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் மழை பிடித்து, முன்னும் பின்னும் ஓடைகள் பெருக்கெடுத்து, அவள் நடுவில் ஒரு மேட்டில் மாட்டிக்கொண்டாள்.

மகளின் போன் அறுந்ததுமே நான் அவரைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தார். "தூத்தல்தான் தாயி. நீ பயந்து அந்தப் பிள்ளையையும் பயமுறுத்தாத" என்றார். ஆஸ்பத்திரியைப் போனில் பிடிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. கொழுந்து பறிக்கும் பெண்கள் நான்கு பேர் கயிற்றோடு போய் ஆறரை மணிக்கு அவளை ஆஸ்பத்திரிக் கரைக்கு இழுத்தார்கள். கால் முழுக்க அட்டை. கருவாட்டுப் பையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாளாம்.

அவர் ஊர் திரும்பி, "பிள்ளை லேசா நனைஞ்சிருச்சு" என்று கோயிலடியில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அவரிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. அது வரவில்லை. சரி, வர வைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

புரட்டாசி வரை பொறுத்தேன். மகள் தினமும் பேசுவாள். ஆடி முழுக்கச் சூரியனைப் பார்க்கவில்லை, உப்பு தண்ணீராய்க் கரைகிறது, சீருடையை அடுப்புக்கு மேலே காயவைக்கிறேன் என்பாள். ஆவணிக் கடைசியில் ஒரு நாள், "அம்மா, எதிர்மலை தெரியுதும்மா" என்றாள். இரண்டு மாதமாக எதிரே மலை இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க என் கோபத்துக்கு உரம் விழுந்தது.

விதைக்கும் நாள் கேட்க ஊர் கூடியது. அவர் மண்ணை உதிர்த்து, வருகிற வியாழன் என்றார். பெண்கள் பக்கமிருந்து நான் மெதுவாகத்தான் பேசினேன். "மலையில கச்சானுக்கு மழை இல்லன்னு எம்மகள ஓடையில விட்டுட்டு வந்தவுக சொல்லுறாக. கேட்டுக்கங்க."

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "ஏப்பா, அப்ப வியாழக்கெழமையும் கொடை வேணுமா வேணாமா?" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. என் கணவரின் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

பாதி ஊர் அந்த வியாழன் விதைக்கவில்லை. ஞாயிறு மழை பெய்தது. அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். பொறுத்திருந்தவர்கள் ஈரத்தில் ஏர் இறக்க முடியாமல் என்னை முறைத்தார்கள். அவர்களுக்காக மனம் குறுகுறுத்தது. அவருக்காக இல்லை. அவர் வீட்டு வாசலில் ஆள் குறைந்ததைப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே போவேன். நன்றாக இருந்தது.

இன்றைக்கும் மேல்காற்று அடித்தால் என் கை தானாகச் செல்போனுக்குப் போகிறது.

கார்த்திகையில் மகள் லீவுக்கு இறங்கி வருவதாக இருந்தது. கிழக்கேயிருந்து வரும் கொண்டல் காற்று எங்களுக்கும் மழை, மலைக்கும் மழை. காலையிலிருந்து அவளுக்கு லைன் கிடைக்கவில்லை. பதினோரு மணிக்கு வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். அவர். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, உள்ளே வராமல் நின்றார். ஏதோ கேட்டார். காதில் விழாதவள் போல அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை கேட்க வைத்தேன்.

"மலையில இன்னைக்கு மழையான்னு கேட்டேன் தாயி. அங்கிட்டு உள்ள வானம் எனக்குத் தெரியல."