சாமிக்குப் பூக் கொடுத்த கொடி

ஏழெட்டு வருடம் இருக்கும். சிங்கப்பூர் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், காரிடாரை அடைத்திருக்கும் பூந்தொட்டிகளை ஒரு வாரத்துக்குள் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். துளசி, கற்றாழையெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. நீலப்பூக் கொடி ஒன்றுதான் பாக்கி. கையகலப் பூ பூக்கும். ஆனால் ஜன்னல் கம்பி, செருப்பு அலமாரி என்று எதைக் கண்டாலும் தொற்றி ஏறும். அதை அடக்க, ரோஸ் நிற பிளாஸ்டிக் சுற்றிய பழைய துணி ஹேங்கர் இரண்டை வளையமாக வளைத்துக் கட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் சாமிக்குப் பூக் கொடுத்த செடி அது. படத்துக்குப் போட்டு வாடின பூவையே நான் குப்பையில் போடமாட்டேன், மரத்தடியில்தான் போடுவேன். செடியை எப்படி மாடியிலிருந்து குப்பை கொட்டும் குழாயில் தள்ளுவது? பைக்குள் வைத்து, பஸ் பிடித்து, புக்கிட் தீமா குன்றுக் காட்டுக்குக் கொண்டுபோனேன். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் அதை மேடு என்று கேலி செய்வார்கள். எங்களுக்கு அதுதான் மலை. பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஒரு பெரிய மரத்தடியில், ஆள் இல்லாத நேரம் பார்த்து வளையத்தோடு நட்டேன். நடக்கூடாது என்று தெரியும். ஒரு செடிதானே! ஏதோ புண்ணியம் செய்தவள் மாதிரி வீடு திரும்பினேன்.

போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அதே குன்றில் களை பிடுங்கும் தொண்டூழியர் குழுவில் சேர்ந்தேன். பூன் லேயிலிருந்து வரும் ஒரு நர்ஸ் அக்காதான் எனக்கு ஜோடி. முதல் சனிக்கிழமை காலையே என்னை ஒரு சரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. சுற்றிலும் பச்சைப் போர்வை போர்த்தியது போல ஒரே கொடி. நடுநடுவே நீலப் பூ. நான் கொடியை நட்ட அதே மரம்.

"புயல் காத்துல விழுந்துச்சு. மரம் விழுந்தா காடு செத்துடாது லா. வெளிச்சம் உள்ள வரும், கீழ காத்திருக்கிற கன்னெல்லாம் எழுந்திரிக்கும். இந்த மரத்தோட கன்னுங்களே இருபத்தொண்ணு இருந்துச்சு. ஒண்ணொண்ணுக்கும் நான்தான் டேக் கட்டினேன். ஆறு மாசம் அம்மாவுக்கு முடியாம வர முடியல. அதுக்குள்ள வெளிச்சத்தையெல்லாம் இந்தக் கொடி பிடிச்சுக்கிச்சு."

நிழலில் நூலாகக் கிடந்த கொடிக்கு, மரம் விழுந்ததும் வழி கிடைத்திருக்கிறது. அறுத்து இழுக்க இழுக்க, அடியில் வெளிறி வளைந்த கன்றுகள் வந்தன. சிலவற்றில் டேக் மட்டும்தான் மிச்சம். அக்கா அவற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உயிரோடிருந்தவை மூன்று.

"இது தானா வர்ற செடியில்ல. எவனோ அறிவுகெட்டவன் கொண்டுவந்து நட்டிருக்கான். ஆள் மட்டும் கையில கிடைச்சா..."

நான் குனிந்து கொடியின் வேர்க்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தேன். கத்தி எதிலோ இடித்தது. துருப்பிடித்த கம்பி வளையம். அங்கங்கே ரோஸ் பிளாஸ்டிக்.

"என்ன அது?" என்றார் அக்கா.

"குப்பை" என்றேன். பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இடைவேளையில் தன் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் பாதியை எனக்கு எடுத்துவைத்து, "நீங்க வந்தது எனக்குப் பெரிய தெம்பு" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்றும் மாதம் ஒருமுறை போகிறோம். கிழங்கின் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் கொடி திரும்ப வருகிறது. அக்கா திரும்பத் திரும்ப அந்த முகம் தெரியாதவனைத் திட்டுகிறார், நானும் "ஆமாக்கா" என்று தலையாட்டுகிறேன். ஒரு செடியைக் குப்பையில் போட மனம் வராத எனக்கு, அந்த மனுஷியிடம் ஒவ்வொரு மாதமும் பொய் சொல்ல மட்டும் எப்படி மனம் வருகிறது என்று நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.