தோல் சீவாத வேர்

சூமெய்க்கு வேர் தோண்டும் வேலை. சீனாவின் ஃபூஜியான் மலைச்சரிவில் படரும் அந்தக் கொடியை மருந்துக்கடைக்காரர்கள் இடித்தேவன் கொடி என்பார்கள். ஊரில் அதற்குக் குடலறுப்பான் என்று பெயர். வேரின் உள்கட்டையை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து மூட்டுவலிக்குக் குடிப்பார்கள். மேல்தோலைத் தின்றால் சாவுதான். வாழ்க்கை வெறுத்துப்போன எத்தனையோ பெண்கள் அதைத் தேடிப் போயிருக்கிறார்கள். அதனால் தோண்டுகிறவர்கள் தோலை மலையிலேயே சீவிப் புதைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவரவே மாட்டார்கள்.

அவள் புருஷன் பாவ்ஷெங்குக்குக் கணையத்தில் புற்றுநோய். கஞ்சிகூட உள்ளே நிற்கவில்லை. ஒருநாள் தொலைக்காட்சியில், அந்தக் கொடியின் சத்து எலிகளுக்கு வந்த கட்டியைச் சுருக்கியது என்றும், மனிதருக்கு ஆகுமா என்று இனிமேல்தான் தெரியவேண்டும் என்றும் சொன்னார்கள்.

"அடியே, நாளைக்குத் தோலோட ஒரு வேர் கொண்டு வா. சத்தெல்லாம் தோல்லதான இருக்கு."

"எலிக்கு அளந்து குடுத்திருப்பான்யா. நான் எதை வச்சு அளக்க?"

"அளக்காமலே ஊத்து."

சூமெய் அவன் முகத்தைப் பார்த்தாள். "மருந்துக்குக் கேக்குறியா, இல்ல மத்ததுக்கா?"

"எது முந்துதோ அதுக்கு," என்று சிரித்தான்.

மறுநாள் வழக்கத்தைவிட ஆழமாகச் சீவித் தோலைப் புதைத்தாள். வெளுத்த வேரைக் கொதிக்கவைத்து, தோலோடு போட்டதாகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்ததும் அவன் நிறுத்தினான். "பொய் சொல்லக்கூட வரல உனக்கு." பிறகு மீதியையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினான்.

மழைக்காலம் முழுவதும் அவன் வலியோடு கிடந்தான். வேரை மறுபடி கேட்கவில்லை. கேட்டால் என்ன செய்வோம் என்று அவள்தான் தினமும் பயந்தாள்.