வாள்காப்பின் விளிம்பில் இருந்த வெட்டு

எங்கள் டூல் ரூமில் துரு என்றால் கெட்ட வார்த்தை. எது கறுத்து வந்தாலும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கித்தான் திருப்பிக் கொடுப்போம். ஒரகடம் தொழிற்சாலையில் மூன்று வருடம் ட்ரெய்னியாக அதைத்தான் செய்தேன். வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த மாதம் வர வேண்டும்.

எங்கள் ஜப்பான் இன்ஜினியர் ஊர் திரும்பும் முன், ஒரு வட்ட இரும்புத் தட்டுக்கு ஸ்டாண்டு செய்யச் சொல்லி சூப்பர்வைசரிடம் கொடுத்தார். வாளின் பிடிக்கு மேலே, கையை வெட்டிலிருந்து காக்கும் தட்டு. கறுத்த இரும்பில் தங்கக் கம்பியைத் தட்டிப் பதித்து நாணலும் ஒரு தட்டான்பூச்சியும் செய்திருந்தார்கள். விளிம்பில் ஆழமாக ஒரு வெட்டு.

"எவ்ளோ துரு கீது பாரு. பாலிஷ் போட்டு, அந்த சொட்டையையும் எடுத்துடு," என்றான் சூப்பர்வைசர்.

"தங்கம் கீதுண்ணே இதுல. போயிடும்."

"நீ இன்னா அடகுக்கடை சேட்டா? உன் லெட்டர்ல நான்தான் கையெழுத்து போடணும், ஞாபகம் கீதுல்ல?"

வெட்டை கிரைண்டரில் தேய்த்தேன். பொறி பறந்தது. பிறகு சக்கரத்தில் அழுத்தினேன். ஆட்டைத் தோலுரிப்பதுபோல் கறுப்பு உரிந்தது. தட்டானின் இறக்கை போனது, பிறகு தலை போனது.

இன்ஜினியர் வந்து அதைக் கையில் எடுத்தார். கட்டை விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார். இரண்டு முறை தடவினார்.

"வெட்டு எங்கே?" அரைகுறைத் தமிழில் கேட்டார். "என் தாத்தாவுக்குத் தாத்தா. எதிரி வாள் இங்கே நின்றது. கை பிழைத்தது."

"தொடாதேன்னு சொன்னேன் சார். இந்தப் பன்னிதான் கேக்கல," என்றான் சூப்பர்வைசர்.

அவன் மயிரைப் பிடித்து முகத்தை இரும்பைக் கவ்வும் வைஸில் மோதினேன். பல் உடைந்த சத்தம் கேட்டது. இன்னொரு முறை மோதினேன். ரத்தம் பக்கத்தில் அளவு பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டில் ஓடியது. செக்யூரிட்டிகள் என்னைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். "விடுங்க, விடுங்க" என்று கத்தியது இன்ஜினியர் மட்டும்தான்.

வேலை போனது. இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பட்டறையில் பஃபிங் போடுகிறேன். அவன் வாயை உடைத்ததற்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஆனால் இறக்கை போனபோதே நான் பார்த்துவிட்டேன். தலை அப்போது முழுசாக இருந்தது. கையை எடுத்திருக்கலாம். கடிதத்தை நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். கம்பெனி விசாரணையில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.