மாமாவின் வயிற்றுக் கட்டியும் இரண்டு பொட்டலங்களும்

எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளை எல்லாம் ஒரு காலத்தில் என் வலது கைதான் எடுத்துக்கொண்டிருந்தது. மூளைக்கு அதில் வேலை இல்லை. என் மூளைக்கும் இல்லை, பெரியவர்கள் மூளைக்கும் இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பது என்று அதற்குப் பெயர். ஒரு வாழையிலைத் துணுக்கில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து மஞ்சள் நூல் சுற்றி, பூசாரி அம்மன் காலடியில் போடுவார். ஒரு சின்னப் பெண் போய் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அந்தச் சின்னப் பெண் நான். சின்ன மாமா கம்பெனி வேலைக்குப் போகலாமா என்று கேட்டபோது வெள்ளை எடுத்துக் கொடுத்தேன். பெரிய மாமா போர் போட இடம் பார்த்தபோதும் வெள்ளைதான் எடுத்தேன். தண்ணீரும் வந்தது. அதிலிருந்து என் கைக்கு ராசி என்று பெயர் வந்துவிட்டது. பரீட்சையில் கணக்கைத் தப்பாகப் போட்டதும் இதே கைதான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பெரிய மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் தோட்டம். முட்டைக்கோஸும் தக்காளியும் போட்டு, கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல் சந்தைக்குக் கொண்டுபோவார். நாங்கள் ஓசூரில் இருந்தோம். அப்பாவுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எண்பதுகளின் கடைசி அது. மாமாவுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போக ஆரம்பித்து, மூலம் என்று சொல்லி நாட்டு மருந்தெல்லாம் தின்று, உடம்பு பாதியாகக் கரைந்த பிறகுதான் அப்பா அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார்.

அங்கே பார்த்த டாக்டர் சொன்னது இதுதான். பெருங்குடலில் கட்டி. அது அங்கேயே நிற்கவில்லை, ஈரலுக்கும் போய்விட்டது. குடலில் இருப்பதை வெட்டி எடுத்தாலும் ஈரலில் இருப்பது இருக்கத்தான் செய்யும். ஆகவே இப்போது அறுக்க வேண்டாம், குடல் அடைத்துக்கொள்கிற மாதிரி இருந்தால் வாருங்கள். அப்பாவுக்குத் திருப்தி இல்லை. கிருஷ்ணகிரியில் இன்னொரு டாக்டரிடம் காட்டினார். அடைக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், தெம்பு இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்றார் அவர். இரண்டு பேரில் ஒருவர்கூட மாமா பிழைத்துவிடுவார் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் சண்டை நடந்ததெல்லாம் அறுப்பதா வேண்டாமா என்பதைப் பற்றி மட்டும்தான்.

சண்டை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. மாமா ஓரமாக உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியக்கூடாது என்று எல்லாரும் தெலுங்குக்கு மாறினார்கள். அந்தக் கூடத்திலேயே நல்ல தெலுங்கு பேசத் தெரிந்தவர் மாமாதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தெலுங்கு கொஞ்ச நேரம்தான் தாங்கியது. கோபம் வந்ததும் எல்லாரும் தமிழுக்குத் திரும்பிவிட்டார்கள்.

“வேரை உள்ள வெச்சிக்கினு மருந்து தின்னா ஆவுமா? புடுங்கி எறிஞ்சாத்தான் மத்ததும் வாடும்” என்றார் மாமாவின் மனைவி, என் அத்தை. அவர் தோட்டத்துக்காரர். எல்லாமே அவருக்குக் களையாகத்தான் தெரிந்தது.

சின்ன மாமா குதித்தார். “கத்தி பட்டா ஒடம்பு பூரா பரவிடும் அண்ணி! எங்க கம்பெனில ஒருத்தரோட சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு.”

“ஏற்கெனவே பரவிடுச்சுன்னுதானே சொல்றாங்க” என்றார் அப்பா. “கெட்டுப்போன பார்ட்டைக் கழட்டறதுக்கு இவ்ளோ யோசனையா?”

“நீங்க சும்மா இருங்க. எங்க அண்ணன் என்ன மெஷினா?” என்று அம்மா அழுதாள். அம்மா அறுக்க வேண்டும் என்பவர்கள் பேசும்போது அதற்கும் தலையாட்டுவாள், வேண்டாம் என்பவர்கள் பேசும்போது அதற்கும் ஆட்டுவாள். அப்போது எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது என் மகளுக்குச் சளி பிடித்தால் ஒரு டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டி, கடைசியில் இரண்டு மருந்தையும் கொடுக்காமல் கஷாயம் வைக்கிறவள் நான். அம்மாவைச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

மாமாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. உரித்த கடலையை என் கையில் கொட்டிவிட்டு, “பாப்பா, உங்க வூட்ல சண்ட போட்டா டீ குடுப்பாங்களா?” என்றார். கடைசியில் அம்மனைக் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் வீணாகப் போனது. மாமா ஊர் மாரியம்மன் கோயிலில் ஈரத்தலையோடு நின்று ஒரு பொட்டலத்தை எடுத்தேன். சிவப்பு. அறுக்கக் கூடாது. சின்ன மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

“நேத்து முட்டை கிட்டை தின்னியா நீ?”

தின்றிருந்தேன். சத்துணவில் அல்ல, அம்மாதான் கொடுத்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை சுத்தமில்லை, இது செல்லாது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் எனக்குப் பள்ளிக்கூடம் போனது. இந்த முறை முட்டை இல்லை, வெங்காயம்கூட இல்லை. வெள்ளை வந்தது. அத்தைக்கும் சந்தோஷம், சின்ன மாமாவுக்கும் சந்தோஷம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்ததைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில்தான் விஷயம் தெரிந்தது. அறுத்தால் நல்லதா என்று அத்தை மனசுக்குள் கேட்டிருக்கிறார். அறுக்காமல் விட்டால் நல்லதா என்று சின்ன மாமா பூசாரியின் காதில் சொல்லியிருக்கிறார். ஒரே பூ இரண்டு பேருக்கும் ஆமாம் சொல்லிவிட்டது.

“யாரைக் கேட்டு தம்பி நீ மாத்திச் சொன்ன?”

“நீங்க மனசுல நினைச்சா அது பூசாரிக்கு எப்படிக் கேக்கும் அண்ணி?”

“அம்மனுக்குக் கேக்கும்டா!”

பஸ் வந்து நின்று, கண்டக்டர் இவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்து, விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார். அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றோம்.

இதற்கிடையில் மாமாவின் வயிறு உப்ப ஆரம்பித்தது. களி இறங்கவில்லை. சோற்றைக் கரைத்துக் குடித்தார். பிறகு அதையும் பாதியில் வைத்தார். சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொன்னாள். இருந்தாலும் மூன்றாவது முறை கேட்பதற்கு ஒரு நல்ல செவ்வாய்க்கிழமைதான் தேடினார்கள்.

மூன்றாவது முறை மாமாவும் கோயிலுக்கு வந்தார். கேள்வியை எல்லாரும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும் என்று அப்பா ஏற்பாடு செய்திருந்தார். எந்த வார்த்தையில் கேட்பது என்று சண்டை தொடங்கியது. பூசாரி பொட்டலங்களைப் போட்டுவிட்டு, “எதையாச்சும் ஒண்ணைக் கேளுங்க சாமி, எனக்கு வேற சோலி கீது” என்றார். நான் கையை நீட்டுவதா மடக்குவதா என்று தெரியாமல் நின்றேன். மாமா என்னைத் தாண்டிக் குனிந்து இரண்டு பொட்டலங்களையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கறேன்” என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்.

எங்கள் பின்னால் ஒரே கூச்சல். இது குற்றமா இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. அதற்குள் பெங்களூர் பஸ் வந்துவிட்டது.

“அம்மாகிட்ட சொல்லிட்டுப் போலாம் மாமா.”

“சொன்னா அவங்களும் வருவாங்களே” என்றார் மாமா.

அத்திப்பள்ளியில் பஸ் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு பசு நின்றிருந்தது. மாமா இரண்டு பொட்டலங்களையும் நூலை அவிழ்த்து, இலையோடு பூவோடு அதன் வாய்க்கு நீட்டினார். உள்ளே பார்க்கக்கூட இல்லை. சாமி கண்ணைக் குத்துமோ என்று பெங்களூர் போய்ச் சேரும்வரை எனக்குக் கவலை.

முன்பு பார்த்த அதே டாக்டர் மாமாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், மறுபடி கூப்பிட்டார். என்னை வெளியே இருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் கன்னடத்தில் பேசினார்கள். எங்கள் பக்கத்து வீடு கன்னடக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணோடுதான் நான் நாள் முழுக்க விளையாடுவேன். அதனால் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை.

“இதை எடுத்துட்டா நான் பொழைச்சிக்குவேனா?” என்று கேட்டார் மாமா.

“இல்லைங்க. ஈரல்ல இருக்கறது போகாது. அது அதோட வழியில போகும்.”

“எடுக்கலேன்னா?”

“கொஞ்ச நாள்ல முழுசா அடைச்சிக்கும். அப்ப வாந்தி, வலி எல்லாம் வரும். அவசரமா அறுக்கணும். அது ரொம்ப மோசம். இப்ப எடுத்தா அந்தக் கஷ்டம் வராது.”

“எடுத்தா களி சாப்புடலாமா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “ஆறினதும் சாப்பிடலாம். சில பேருக்கு வெளிக்குப் போறதுக்கு வயித்துல பை வைக்க வேண்டியிருக்கும்.”

“சட்டை போட்டா வெளிய தெரியாதே?”

“தெரியாது.”

“அப்ப எடுத்துடுங்க. எனக்கு அது போதும்.”

வெளியே வந்ததும் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். தான் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே தந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டு எந்தப் பூ, எந்தப் பூ என்றார்கள். “வெள்ளைதான். அறுக்கச் சொல்லிடுச்சு” என்றார் மாமா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அறுவை நன்றாக நடந்தது. பை வைக்காமலே குடலைச் சேர்த்துவிட்டார்கள். கட்டியை எடுத்தாயிற்று என்ற செய்தி ஓசூர் முழுக்க வேகமாகப் பரவியது. பார்ட்டைக் கழட்டிப் போட்டாயிற்று என்று அப்பா கம்பெனியில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். கத்தி பட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று சின்ன மாமா கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரிகூடத் தெரிந்தார். அத்தை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்.

பொங்கல் வைத்த அன்று மாமா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமாவுக்குக் களி உருண்டை, கீரைக் குழம்பு. அவர் பள்ளம் செய்து குழம்பை ஊற்றி, விழுங்கி, கண்ணை மூடிக்கொண்டதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வேர் போச்சு, இனி பயமில்ல” என்றாள் அம்மா.

தப்பாகச் சொன்னால் திருத்துவது என் பழக்கம். வகுப்பில் அதற்காகவே ஆசிரியைக்கு என்னைப் பிடிக்கும். “இல்லம்மா. ஈரல்ல இருக்கறது போகாதுன்னு டாக்டர் மாமாகிட்ட சொன்னாரு. நான் கேட்டேன்” என்றேன்.

சாப்பிட்ட கைகள் எல்லாம் அப்படியே நின்றன. அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமாதான் முதலில் சிரித்தார்.

“பாப்பாவுக்குக் கன்னடம் அரைகுறை. அவரு போயிடும்னு சொன்னாரு, இவளுக்குப் போகாதுன்னு கேட்டிருக்கு.”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. அப்பாகூடச் சிரித்தார். சின்ன மாமா, “இவ கன்னடத்தை வெச்சா நாம ஆப்பரேஷன் பண்ணோம்?” என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டேன். முட்டை தின்றாய் என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். வெயிலில் நிற்க வைத்தார்கள், நின்றேன். அரைகுறை என்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அதுவும் மாமாவே சொன்னதை.

கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தார். களி ஒட்டிய கையைக் கழுவாமலே என் எதிரில் குந்தினார்.

“டாக்டரு இன்னா சொன்னாரு? சொல்லு, கேக்கறேன்.”

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல முதலிலிருந்து கன்னடத்திலேயே சொன்னேன்; அத்தைக்கும் சந்தைக் கன்னடம் தெரியும். மாமாவின் கேள்வி ஒவ்வொன்றும், டாக்டரின் பதில் ஒவ்வொன்றும். ஈரல் என்றபோது டாக்டர் விலாவைத் தொட்ட மாதிரி நானும் தொட்டுக் காட்டினேன். எங்கேயும் திக்கவில்லை. “எனக்கு அது போதும்” என்று நான் முடித்தபோது, அத்தை தன் கையில் காய்ந்துகொண்டிருந்த களியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் பேசற கண்ணு” என்றார் கடைசியில். “ஒரு தப்பும் இல்ல. போ, போய் உங்க மாமா பக்கத்துல உக்காந்து சாப்புடு.”

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, மாமாவின் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கன்னடம் சரிதான் என்று அத்தையே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அவர் காதில் சொல்லிவிட்டு, ஒரு முழு உருண்டை களியைத் தின்று தீர்த்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், என் கன்னடம் சரியென்றால் டாக்டர் சொன்னதும் உண்மையாகிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை ஏன் வெகுநேரம் உள்ளே வரவில்லை என்றும் நான் பார்க்கவில்லை.