நான் ஒட்டிய விரல்

கையால் வரைந்து, அதை ஸ்கேன் செய்து, கணினியில் வண்ணம் சேர்ப்பது என் தொழில். ஜார்ஜ்டவுனில் இருக்கிறேன். ஜுருவில் உள்ள ஒரு தொழிற்சாலை, முன்கூடத்துச் சுவருக்காகத் தன் தொழிலாளர்களின் கைகளை வரையச் சொன்னது.

கேன்டீனில் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு அக்காவுக்கு வலது கையில் மோதிர விரல் இல்லை. அந்தத் தொழிற்சாலையிலேயே மெஷினில் போனதாம். என் பென்சில் தயங்கியதைப் பார்த்து அவரே சொன்னார்.

“இருக்குற மாதிரியே போடுங்க தம்பி. பாக்குறவங்களுக்குத் தெரியட்டும் லா.”

“சரிக்கா” என்றேன்.

படத்தைப் பார்த்த மேனேஜர், “அந்த விரல மட்டும் சரி பண்ணிடுங்க” என்றார். இந்த வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். அக்காவின் இடது மோதிர விரலை நகலெடுத்து, திருப்பி, வலது கையில் ஒட்டினேன். பென்சில் கோடுகூடப் பிசகவில்லை. இரண்டு நிமிட வேலை.

திறப்பு விழாவன்று அக்கா படத்தருகே வந்து, தன் வலது கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்லா ஒட்டிட்டீங்க தம்பி. டாக்டராலயே முடியல.”

பிறகு அந்தக் கையை யூனிஃபார்ம் சட்டையின் பக்கப் பைக்குள் விட்டுக்கொண்டு போனார். அதுவரை அவர் அதை ஒளித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த விரல் என் கணினியில் இன்னும் படத்தின் மேல் தனி அடுக்காக, லேயராகத்தான் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் மறைந்துவிடும். தட்டி என்ன பயன்? அக்கா தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்.